தானே தேடிக்கொண்ட நோய்

1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் டெல்லி இந்திரபிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில், இருபது மாதக் குழந்தை ஒன்றுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. குழந்தையைக் காஞ்சிபுரத்திலிருந்து பெற்றோர் கொண்டுவந்திருந்தனர். பிறவியிலேயே அதன் பித்தநாளங்கள் அடைபட்டிருந்தன. கல்லீரல் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு இறங்க வழியின்றி உள்ளேயே தேங்கி, தான் பிறந்த உறுப்பையே அழித்துக்கொண்டிருந்தது. தந்தை தம் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தார். குழந்தை பிழைத்தது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றிகரமாக நடைபெற்ற முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து, படித்து, மருத்துவராகவும் ஆயிற்று.

'இக்குழந்தை இந்தக் கொடைக்குத் தகுதியுடையதா?' என்று அன்று எவரும் கேட்டிருக்க முடியாது. அப்படிக் கேட்பதற்கு மனிதனின் நா எழாது.

இனி, வேறொரு படுக்கையை எண்ணிப் பார்ப்போம். அதில் நாற்பத்தைந்து வயது மனிதர் ஒருவர் கிடக்கிறார். கண்கள் மஞ்சளாகியுள்ளன. கைகால்கள் மெலிந்து, வயிற்றில் மட்டும் நீர் கோத்து வீங்கியிருக்கிறது. நம் முன்னோர் மகோதரம் என்று அழைத்த நிலை இது. இரவில் பிதற்றுகிறார், சில வேளைகளில் மனைவியையே 'நீ யார்?' என்று கேட்கிறார். இருபது ஆண்டுகள் குடித்தவர். நோய் கல்லீரல் சுருக்கம் என்றும், மாற்று சிகிச்சை ஒன்றே வழி என்றும் மருத்துவர் கூறிவிட்டார். வெளியே தாழ்வாரத்தில் அந்தப் பெண்ணின் தம்பி அவளிடம் சொல்கிறான்: "அக்கா, அவராகத் தேடிக்கொண்டது. அவர்தாம் அனுபவிக்க வேண்டும். நீ எதற்கு?"

அவன் கெட்டவன் அல்லன். அக்காவின் இருபது ஆண்டுக் கண்ணீரைக் கண்டவன். அவன் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீதி இருப்பதாகத் தோன்றுகிறது. விதைத்தவன் அறுக்கிறான்; பிறர் ஏன் தம் உடலை அறுத்துக்கொடுக்க வேண்டும்? இக்கேள்வியைக் கோபமில்லாமல் ஆராய்வது கடினம். ஆயினும் ஆராயத்தான் வேண்டும்.

வினையும் அளவும்

முதலில் அந்த உறுப்பைப் பற்றிச் சிறிது. பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள கல்லீரல், உண்ட உணவின் சத்துக்களைப் பக்குவப்படுத்துகிறது, நச்சுகளை முறிக்கிறது, இரத்தம் உறைவதற்கான பொருள்களை உண்டாக்குகிறது, நாள்தோறும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீரைச் சுரக்கிறது. இதற்கு இரண்டு விந்தையான இயல்புகள் உண்டு. ஒன்று, வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்வது. பாதிக்கு மேல் எடுத்துவிட்டாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறத்தாழ முன்போன்ற பருமனை அடைந்துவிடுகிறது. மற்றொன்று, அதன் மௌனம். பெரும்பகுதி கெடும்வரை அது வலியால் எச்சரிப்பதில்லை. இதயமும் வயிறும் முறையிடுவதுபோல் கல்லீரல் முறையிடுவதில்லை. காமாலையோ, வயிற்று வீக்கமோ, இரத்த வாந்தியோ தோன்றும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இந்த மௌனம் அறநெறி சார்ந்த ஓர் உண்மையையும் மறைக்கிறது. ஒரே மேசையில், ஒரே அளவில், ஒரே எண்ணிக்கையிலான ஆண்டுகள் குடித்த ஐவருள் ஒருவருக்கே கல்லீரல் சுருக்கம் வருகிறது. சில கணக்குகளின்படி பத்தில் ஒருவருக்கே. மற்றவர்களுக்கு வேறு கேடுகள் வரலாம், ஆனால் இந்நோய் வருவதில்லை. பிறப்பிலேயே அமைந்த மரபணு வேறுபாடுகள், உடல் பருமன், உடன் இருக்கும் வைரஸ் தொற்று ஆகியன இதில் பங்கு கொள்கின்றன. பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்த அளவிலேயே தீங்கு நேர்கிறது. ஆகவே, 'செய்தான், அனுபவிக்கிறான்' என்று கூறுபவர், அதையே செய்துவிட்டு அனுபவிக்காமல் நடமாடும் நால்வரைக் காணாமல் விட்டுவிடுகிறார். நோயாளியின் குற்றம் அந்த நால்வரின் குற்றத்தைவிடப் பெரியதன்று. அவரது கல்லீரல் மட்டுமே வேறானது.

இதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடவில்லை. தம்பியின் கேள்வியை இவ்வளவு எளிதாகத் தட்டிக்கழித்துவிட முடியாது.

ஒரே இதழில் இரு கட்டுரைகள்

அமெரிக்காவில் இக்கேள்வி பெரும் வாதமாகவே எழுந்தது. கல்லீரல் மாற்று சிகிச்சையின் முன்னோடியான தாமஸ் ஸ்டார்சல் 1963-இல் முதன்முதலாக அதை முயன்றது, பித்தநாள அடைப்புடன் பிறந்த ஒரு குழந்தைக்குத்தான். அக்குழந்தை அறுவை மேசையிலேயே இறந்தது. தோல்விகளைத் தாண்டி 1967-இல் அவர் வெற்றி கண்டார். பின்னர், 1988-இல், அவரது குழுவினர் மதுவால் கல்லீரல் கெட்டவர்களுக்கும் மாற்று சிகிச்சை செய்து, அவர்களும் மற்ற நோயாளிகளைப் போலவே பிழைத்திருப்பதை வெளியிட்டனர். அதுவரை, 'இவர்களுக்குச் செய்து பயனில்லை' என்பது காரணமாகக் கூறப்பட்டு வந்தது. பயன் உண்டு என்று தெரிந்தவுடன் அந்தத் திரை விலகியது. உள்ளே இருந்த உண்மையான கேள்வி வெளிவந்தது. பயன் இருக்கட்டும், நியாயம் உண்டா?

1991-ஆம் ஆண்டு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஒரே இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. மாஸ், சீக்லர் என்ற இருவர் எழுதிய முதற்கட்டுரை, மதுவால் நோயுற்றவர்களுக்கு வரிசையில் பின்னிடமே தரவேண்டும் என்றது. அவர்கள் குடியைப் பாவம் என்று சொல்லவில்லை. அது ஒரு நோய் என்பதை ஒப்புக்கொண்டனர். ஆனால், நோய் என்று தெரிந்தபின் அதற்கு மருத்துவம் தேடாதது அவரவர் பொறுப்பு அன்றோ என்று கேட்டனர். உறுப்புகள் மிகக் குறைவு. தம் தவறு ஏதுமின்றி நோயுற்றவர் முன்னே நிற்பதே நியாயம் என்பது அவர்கள் வாதம். கோஹன், பெஞ்சமின் என்ற இருவர் எழுதிய இரண்டாவது கட்டுரை இதை மறுத்தது. ஒழுக்கத்தை அளந்துதான் உறுப்பு கொடுப்பது என்றால், எல்லா நோயாளிகளின் எல்லாக் குறைகளையும் அல்லவா அளக்க வேண்டும்? பொய்யன், வஞ்சகன், பெருந்தீனிக்காரன் ஆகியோரை விட்டுவிட்டுக் குடிப்பவனை மட்டும் நிறுத்தி வைப்பது எந்த நீதி? அப்படி அளக்கும் தகுதி எந்த மருத்துவருக்கு இருக்கிறது?

இரண்டாவது கட்டுரையின் தர்க்கமே வலிமையானது. ஆயினும் முதற்கட்டுரையை இரக்கமற்றவர்களின் எழுத்து என்று ஒதுக்குவது தவறு. ஒரு கல்லீரல், இரண்டு நோயாளிகள் என்ற நிலையில், கொடுப்பது மட்டுமல்ல, மறுப்பதும் அங்கே நிகழ்கிறது. மறுக்கப்படுபவர் முன் நின்று காரணம் சொல்ல வேண்டியவர்களின் சங்கடத்தை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

நடைமுறை ஒரு நடுவழியைக் கண்டது. ஆறு மாதம் மதுவைத் தொடாமல் இருந்து காட்டினால் பட்டியலில் சேர்க்கலாம் என்பது பல நாடுகளில் வழக்கமாயிற்று. இதற்கு நல்ல மருத்துவக் காரணமும் உண்டு. குடியை விட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் தானே தேறிவிடும். அறுவை சிகிச்சையே தேவைப்படாது. ஆனால், மதுவால் திடீரென்று கடும் கல்லீரல் அழற்சி கண்டு மருந்துக்கும் கட்டுப்படாதவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதில்லை. அவர்களுக்கு அந்த விதி ஒரு மரண தண்டனை. பிரான்சில் சில மருத்துவர்கள் இவ்விதியைத் தளர்த்திப் பார்த்தனர். குடும்ப ஆதரவும் குடியை விடும் உறுதியும் உடையவர்களாக மிகக் கவனத்துடன் தேர்ந்தெடுத்த இருபத்தாறு பேருக்குக் காத்திருக்காமல் சிகிச்சை செய்தனர். 2011-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்திற்குப் பின் அவர்களுள் 77 சதவிகிதத்தினர் உயிருடன் இருந்தனர். சிகிச்சை பெறாத, அதே நிலையிலிருந்த நோயாளிகளில் 23 சதவிகிதத்தினரே எஞ்சினர். இருபத்தாறு பேரில் மூவர் பின்னாளில் மீண்டும் குடித்தனர்.

இந்த மூவரைக் காட்டி, 'பார்த்தீர்களா!' என்பவர் உண்டு. மற்ற இருபத்து மூவரைக் காட்டுவோரும் உண்டு. கண்ணுக்குப் படுவது அவரவர் மனம் ஏற்கெனவே முடிவு செய்ததே.

அமெரிக்காவில் 2002 முதல், காத்திருப்போரை வரிசைப்படுத்துவதற்கு ஒரு கணக்குமுறை நடைமுறைக்கு வந்தது. இரத்தத்தில் பித்த நிறமியின் அளவு, இரத்தம் உறையும் தன்மை, சிறுநீரகத்தின் செயல் ஆகியவற்றைக் கொண்டு, யார் விரைவில் இறக்கக்கூடும் என்று அது கணிக்கிறது. குணத்தைப் பற்றி அந்தக் கணக்கு எதுவும் கேட்பதில்லை. கண்ணின் மஞ்சளை அளக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை. ஓர் எண் இவ்வளவு கண்ணியமாக நடந்துகொள்ள முடிகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

பெயரை மாற்றிக்கொண்டவர்கள்

நோயின் மீது விழும் பழி எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. கல்லீரலினுள் இருக்கும் நுண்ணிய பித்தநாளங்களை உடலின் தற்காப்பு அமைப்பே தாக்கி அழிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆளாவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். மதுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. ஆனால் அதன் பெயரில் 'சிரோசிஸ்' என்ற சொல் இருந்தது. அச்சொல்லைக் கேட்டவுடன் அண்டை வீட்டாரும் உறவினரும், சில வேளைகளில் செவிலியரும், அந்தப் பெண்ணை ஒரு மாதிரியாகப் பார்த்தனர். நோயாளிகள் இடைவிடாது வற்புறுத்தியதன் பேரில், 2015-இல் மருத்துவ உலகம் அந்தப் பெயரை மாற்றி, 'சிரோசிஸ்' இருந்த இடத்தில் பித்தநாள அழற்சியைக் குறிக்கும் சொல்லை வைத்தது. 2023-இல் கொழுப்புக் கல்லீரல் நோய்க்கும் இவ்வாறே புதுப்பெயர் சூட்டப்பட்டது. 'மதுசாராத' என்ற அடைமொழியும் 'கொழுப்பு' என்ற சொல்லும் நோயாளியை இழிவுபடுத்துவதாக உணரப்பட்டதே அதற்குக் காரணங்களுள் ஒன்று.

அப்பெண்களின் துயரம் உண்மையானது. அவர்கள் கேட்டது நியாயமானது. ஆயினும், இதில் மனத்தை உறுத்தும் ஒன்று இருக்கிறது. 'நாங்கள் குடிப்பவர்கள் அல்லர்; எங்களை அப்படிப் பார்க்காதீர்கள்' என்பதில், 'குடிப்பவர்களை அப்படிப் பார்க்கலாம்' என்ற சம்மதம் ஒளிந்திருக்கிறது. பழி நீங்கவில்லை. சிலர் அதன் எல்லையைவிட்டு வெளியேறினர். எஞ்சியவர் உள்ளேயே நின்றார்.

'தானே தேடிக்கொண்டது' என்ற சொற்றொடரையும் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் டெல்லி நகரில் காமாலை பரவியது. கழிவுநீர் யமுனையில் கலந்து, நகரின் குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியிருந்தது. ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. கருவுற்ற பெண்களே மிகுதியும் பாதிக்கப்பட்டனர். குழாய் நீரைக் குடித்ததைத் தவிர அவர்கள் செய்த பிழை ஏதுமில்லை. அந்நோய்க்கிருமி எது என்று நெடுங்காலம் தெரியாதிருந்தது. 1983-இல் சோவியத் விஞ்ஞானி மிகையில் பலயான் என்பவர், ஆப்கானிஸ்தானில் காமாலை கண்ட படைவீரர்களின் மலத்திலிருந்து எடுத்த சாற்றைத் தாமே அருந்தினார். அவருக்குக் கடுமையான கல்லீரல் அழற்சி ஏற்பட்டது. பிறகு தம் மலத்திலேயே அந்த வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். இன்று ஹெபடைடிஸ் ஈ என்று அறியப்படும் வைரஸ் அது. டெல்லியின் பெருநோய்க்குக் காரணம் அதுவே என்பதும் பிற்கால ஆய்வுகளால் தெளிவாயிற்று.

உலகிலேயே முழு அறிவோடு, முழு விருப்பத்தோடு, கல்லீரல் நோயைத் தேடிக்கொண்டவர் ஒருவர் உண்டென்றால் அவர் பலயான்தான். அவரது கல்லீரல் கெட்டுப்போயிருந்தால், 'தானே தேடிக்கொண்டார், கடைசியில் நிற்கட்டும்' என்று யார் சொல்லியிருப்பார்கள்? ஆக, தானே தேடிக்கொண்டது என்பது நம் வெறுப்புக்கு உண்மையான காரணமன்று. எதற்காகத் தேடிக்கொண்டார் என்பதையே நாம் எடைபோடுகிறோம். அப்படியானால் அது நோயைப் பற்றிய தீர்ப்பு அல்ல, ஒரு முழு வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு. அத்தகைய தீர்ப்பை வழங்கும் அளவுக்குப் பிறர் வாழ்க்கையை யார் அறிவார்?

சரகர் எங்கே வைத்தார்?

நம் நாட்டு மருத்துவ நூலான சரக சம்ஹிதை, நோய்க்கு மனிதனே காரணமாகும் நிலைக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: பிரஜ்ஞாபராதம், அதாவது அறிவு இழைக்கும் குற்றம். நல்லது கெட்டதைப் பகுத்தறியும் புத்தி, மனத்தை இழுத்துப் பிடிக்கும் உறுதி, கண்ட உண்மையை மறவாதிருக்கும் நினைவு ஆகிய மூன்றும் நிலைதவறும்போது மனிதன் செய்யும் செயல் அது. குடிநோயை இவ்வளவு நுட்பமாக விளக்கும் சொல் வேறு மொழியில் கிடைப்பது அரிது. குடிப்பவருக்குத் தீமை தெரியாமல் இல்லை. தெரிந்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வந்தாலும் பிடித்து நிறுத்தும் உறுதி இல்லை. மேலும், மது தாக்குவதே இம்மூன்றையும்தான். தப்புவதற்கு எந்தக் கருவி வேண்டுமோ, அந்தக் கருவியே முதலில் முறிந்துபோகிறது. கல்லீரல் செயலிழக்கும்போது அது நீக்க வேண்டிய நச்சுகள் மூளையை எட்டி மேலும் குழப்புகின்றன. மனைவியை 'நீ யார்?' என்று கேட்ட அந்த மனிதர், அந்தக் கணத்தில், குற்றம் செய்தவராகவும் இல்லை. குற்றத்தை உணரக்கூடியவராகவும் இல்லை.

நோய்க்கு மனிதனைப் பொறுப்பாக்கும் இதே நூல், சிகிச்சைப் பகுதியில் மதாத்யயம் எனப்படும் மதுநோய்க்குத் தனி அத்தியாயம் ஒன்றையே ஒதுக்கியிருக்கிறது. அதில் மதுவையே அளவோடு மருந்தாகக் கொடுக்கும் முறை கூறப்படுவதை இன்றைய மருத்துவம் ஏற்காது. அது வேறு செய்தி. காரணம் அறிவின் குற்றம் என்று சொல்லிவிட்டு, 'ஆதலால் இவனைக் கைவிடு' என்று அந்த அத்தியாயம் கூறவில்லை என்பதே இங்கு முக்கியம்.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசனால் வெறுக்கப்பட்டோர், தீய நடத்தையுடையோர் போன்றோருக்கு மருத்துவன் சிகிச்சை செய்யலாகாது என்ற விதியும் அதே சம்ஹிதையின் விமானஸ்தானத்தில் இருக்கிறது. பழைய நூல் என்பதற்காக அதன் ஒவ்வொரு வரியும் கருணைமயமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை. அவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே எதை ஏற்பது என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வினைக்கொள்கையைப் பற்றியும் இங்கே சொல்ல இடமுண்டு. தம்பியின் பேச்சில் ஒலித்தது அதுதானே? 'நான் செய்தது என்னைச் சேரும்' என்று ஒருவர் தமக்குத் தாமே கூறிக்கொண்டால், அந்தக் கணம் முதல் அவர் மாறத் தொடங்கலாம். குடியை விட்டவர்கள் பலர் தங்கள் மீட்சி அந்த ஒப்புதலிலிருந்தே தொடங்கியதாகக் கூறுவர். ஆனால், 'அவன் செய்தது அவனைச் சேரட்டும்' என்று மற்றொருவர் கூறும்போது, கூறுபவர் தம் வினையை மறந்துவிடுகிறார். துன்புறுபவர் எதிரே நிற்பதும், உதவக்கூடிய நிலையில் தாம் இருப்பதும் அவருடைய வினைக்களம் அல்லவா? எனவே, 'இந்நோய்க்கு யார் காரணம்?' என்ற கேள்வி அழிக்கப்பட வேண்டியதன்று. அதைக் கேட்க வேண்டியவர் நோயாளி. அவர் கேட்டுக்கொள்ள உதவ வேண்டியவர்கள் மனநல மருத்துவரும் குடும்பத்தாரும். வாயிற்காவலனைப் போல் அந்தக் கேள்வியைச் சிகிச்சையின் முன் நிறுத்துவதே தவறு.

தாழ்வாரத்தில் நிற்பவள்

அமெரிக்க வாதம் பெரும்பாலும் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புகளைப் பற்றியது. அது பொதுச் சொத்து. பங்கீட்டு நீதியின் கேள்வி. இந்தியாவில் கல்லீரல் மாற்று சிகிச்சைகளில் பெரும்பாலானவை உயிரோடிருக்கும் உறவினர் கொடுக்கும் கல்லீரலால் நடப்பவை. கொடுப்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மையினர் ஆண்கள். எனவே இங்கே கேள்வி வரிசையைப் பற்றியதன்று. தாழ்வாரத்தில் நிற்கும் அந்தப் பெண்ணைப் பற்றியது.

கீதையின் பதினேழாம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு, கைம்மாறு செய்ய இயலாதவருக்கு, தகுந்த இடத்திலும் காலத்திலும், தகுந்த பாத்திரத்திற்குக் கொடுப்பது சாத்விகம். கைம்மாற்றையோ பலனையோ கருதி, மனம் வருந்திக் கொடுப்பது ராஜசம். தகாத இடத்தில், இகழ்ச்சியோடு கொடுப்பது தாமசம். இதில் 'பாத்திரம்' என்ற சொல்லைக் கேட்டதும் தம்பி தலையசைப்பான்: குடிப்பவர் எப்படித் தகுந்த பாத்திரம் ஆவார்? உரையாசிரியர்கள் கல்வியும் ஒழுக்கமும் உடையவரையே பாத்திரம் என்றனர் என்பதும் மெய்தான். ஆனால் அவர்கள் கண்முன் இருந்தது பொன்னும் பசுவும் நிலமும். சோறிடும்போது இந்நாட்டு மரபு வேறு தகுதி கேட்டதில்லை, பசியே பாத்திரம். உயிர்காக்கும் சிகிச்சை பொன்தானத்தைப் போன்றதா, சோற்றைப் போன்றதா என்று கேட்டால், சோற்றின் பக்கமே அது நிற்கிறது.

ஆயினும் சோறு கொடுப்பவர் தம் உடலை வெட்டுவதில்லை. பெரியவருக்குத் தேவைப்படும் வலப்பக்கக் கல்லீரல், கொடையாளரின் கல்லீரலில் ஏறத்தாழ அறுபது சதவிகிதம். கொடுப்பவர் இறப்பதும் அரிதாக நேர்கிறது. ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து வரை என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. பித்தநீர்க் கசிவு, தொற்று, நெடுநாள் வலி ஆகியன அதைவிட மிகுதி. நலமாக இருக்கும் ஒருவரை நோயாளியாக்கும் இந்த அறுவையை, அன்பு ஒன்றைத் தவிர வேறு எதுவும் நியாயப்படுத்த முடியாது. அன்பைக் கட்டளையிட்டுப் பெறவும் முடியாது. இதனால் ஒரு முடிவு பிறக்கிறது. அந்த மனிதர் குடித்தவர் என்பதால் கல்லீரலைப் பெறத் தகுதியற்றவர் ஆகிவிடவில்லை. அதே வேளையில், அவர் கணவர் என்பதால் அதைப் பெறும் உரிமை உடையவராகவும் ஆகிவிடவில்லை. காஞ்சிபுரத்துக் குழந்தைக்கும்கூடத் தந்தையின் கல்லீரல் மேல் உரிமை இருந்ததில்லை. அது கொடுக்கப்பட்டது, அவ்வளவே.

கீதை ராஜச தானத்தைச் சொல்லுமிடத்தில் 'பரிக்லிஷ்டம்' என்ற சொல்லை ஆள்கிறது. மனம் நொந்து, வேறு வழியின்றிக் கொடுப்பது என்று பொருள் கொள்ளலாம். தம்பி 'கொடுக்காதே' என்கிறான். கணவர் வீட்டார் வேறு மொழியில் பேசுகிறார்கள்: "பிள்ளைகளுக்காகவாவது யோசி அம்மா." இரு பக்கமும் அவள்மேல் அன்புடையவர்களே. இரு பக்கமும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 2011-இல் திருத்தப்பட்டது. அதன்கீழ் 2014-இல் வெளியான விதிகளில் ஒன்று, கொடையாளர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவரது சுதந்திரமான சம்மதத்தை உறுப்பைப் பெறுபவரல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அரசாங்க விதிகளின் வறண்ட நடையில் இப்படி ஒரு வரி இருப்பது வியப்பளிக்கிறது. யாரோ ஒருவர், எந்த மேசையிலோ உட்கார்ந்து, அந்தத் தாழ்வாரத்தை நினைத்துப் பார்த்திருக்கிறார்.

நல்ல மருத்துவக் குழுக்கள் கொடையாளரைத் தனி அறையில் அழைத்துப் பேசுகின்றன. கணவரோ, மாமியாரோ, தம்பியோ அங்கு இருக்கக்கூடாது. அவர் 'எனக்கு மனமில்லை' என்று சொன்னால், மருத்துவர் வெளியே வந்து, 'இவரிடமிருந்து எடுப்பது பொருந்தாது' என்று மட்டும் குடும்பத்தாரிடம் கூறுவார். காரணம் கூறமாட்டார். இது பொய்யா? எந்த நன்மைக்காகவும் பொய் கூறலாகாது என்று வாதிட்ட காண்ட் கூட இங்கே சற்றுத் தயங்கியிருக்கலாம். மனம் ஒப்பாத கொடை பொருந்தாத கொடைதானே? அந்தச் சொல் உண்மையும் ஆகிறது. வாழ்நாள் முழுவதும் அவள்மேல் விழக்கூடிய பழியையும் தடுக்கிறது.

நாம் எண்ணிய அந்தப் பெண்ணும் அவ்வறைக்குள் செல்கிறாள். மருத்துவர் எல்லாவற்றையும் விளக்குகிறார். ஆயிரத்தில் எத்தனை பேர் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். 'வேண்டாம் என்றால் இங்கேயே சொல்லலாம் அம்மா, வெளியே யாருக்கும் தெரியாது' என்கிறார். அவள் நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு கேட்கிறாள்: "டாக்டர், அவர் மறுபடியும் குடித்தால்?"

"உங்களிடம் இருக்கும் பகுதி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். அவரிடம் போகும் பகுதியைப் பற்றி நான் வாக்குறுதி தர முடியாது. அவரோடு தொடர்ந்து பேச ஒரு மனநல மருத்துவர் இருப்பார்."

"சரி" என்று அவள் சொல்கிறாள். "இன்று இரவு வீட்டுக்குப் போய்விட்டு நாளை வந்து சொல்கிறேன். இதுவரை யாரும் எனக்கு ஒருநாள் அவகாசம் கொடுக்கவில்லை."